கிழக்கின் காட்டை யார் காத்தது? மட்டக்களப்பு, அம்பாறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலைப் பிள்ளைகளை வானில் ஏற்றி லாகுகலைக்கும் உகந்தைப் பக்கமும் கூட்டிப்போய் வருவது எங்கள் சின்ன வட்டத்தின் வேலை. வட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்கள், ஒரு மீனவர், வங்கியில் வேலை செய்யும் ஒருவர், இரண்டு தொலைநோக்கிகள். வழியில் கேட்கப்படும் கேள்விகள் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. பதில்தான் ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருந்தது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

காடு தானாகத்தானே இருக்கிறது? அதில் சாதனை என்று சொல்ல என்ன இருக்கிறது?

1949 இல் ஆற்றை மறித்து அணை கட்டும் கல்லோயாத் திட்டம் தொடங்கும்போது இங்கினியாகலையைச் சுற்றி அடர்ந்த காடு. இன்று அந்தப் பக்கம் போனால் வயல், கரும்பு, ஊர், டவுன். அம்பாறை தனி மாவட்டமானதே 1961 இல்தான். அதுவரை எல்லாம் மட்டக்களப்பு. ஒரு தலைமுறைக்குள் அவ்வளவும் மாறியது. நெல் விளைந்தது, சனம் சாப்பிட்டது, அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வேகத்துக்குள்ளும் ஒரு துண்டு காடு மிஞ்சியிருந்தால் அதன் பின்னால் ஒரு வர்த்தமானி இருக்கும், ஒரு கோயில் இருக்கும், இல்லையென்றால் கடிதம் எழுதி எழுதி ஓயாத நாலு பிடிவாதக்காரர் இருந்திருப்பார்கள்.

முதலில் தொடங்கியது எந்தச் சங்கம்?

1894 இல் தொடங்கிய சங்கம். இன்று அதன் பெயர் இலங்கை வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். தொடங்கியபோது பெயரே வேறு: வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கம். உறுப்பினர்கள் பெரும்பாலும் தோட்டத் துரைமார். துப்பாக்கிக்காரர்கள்.

வேட்டைக்காரரா காட்டைக் காத்தார்கள்? கேலியாக இருக்கிறதே!

பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். நியாயமான சிரிப்புத்தான். மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரு வெள்ளைக்கார அதிகாரி மட்டும் 1,400 யானைக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகளின் சாபம் என்று சனம் சொன்னது. நான் அதில் தலையிடவில்லை. இப்படிச் சுட்டுத் தள்ளினால் நாளைக்குச் சுட ஒன்றும் இருக்காது என்ற கணக்குத்தான் சங்கத்தின் தொடக்கம். ஆரம்பகால யாலயில் ஒரு பகுதியை இங்கே வசிக்கும் துரைமார் வேட்டையாடுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சுயநலத்தில் தொடங்கியது அப்படியே நிற்கவில்லை. வேட்டைக்காரர் சங்கம் மெல்ல மெல்லப் பாதுகாப்புச் சங்கமானது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1938 இல் யால, வில்பத்துத் தேசியப் பூங்காக்கள், 1949 இல் வனசீவராசிகள் திணைக்களம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, வெளியிலிருந்து தள்ளியவர்களில் இவர்கள் முன்னால் நின்றார்கள். எனக்கு ஒரு குறை உண்டு. அந்த வேலையெல்லாம் கொழும்பில், ஆங்கிலத்தில் நடந்தது. காட்டோரம் குடியிருந்த தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு அது வந்து சேர்ந்தது பலகையாகவும் தண்டப்பணமாகவும்தான்.

சரி, எங்கள் பக்கம் கிடைத்தது என்னென்ன?

குமண 1938 இலேயே பறவைகள் சரணாலயம். அதைச் சுற்றியிருந்த பெரிய காடு 1970 இல் யால கிழக்குத் தேசியப் பூங்கா ஆகி, 2006 இல் குமண தேசியப் பூங்கா என்று பெயர் மாறியது. பரப்பு 35,000 ஹெக்டேயருக்கு மேல். 2010 இல் அங்குள்ள ஈரநிலங்கள் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. கல்லோயா தேசியப் பூங்கா 1954. லாகுகல 1966 இல் சரணாலயம், 1980 இல் தேசியப் பூங்கா. வெறும் 1,554 ஹெக்டேயர். மாதுறு ஓயா 1983 இல் வந்தது. அதன் ஒரு ஓரம் மட்டக்களப்புக்குள்ளும் வருகிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கதை கல்லோயாவுடையது. காட்டை அழித்து அணை கட்டிய திட்டமே அதே கையால் காட்டையும் வைத்தது. மரம் இல்லாவிட்டால் மலைச் சரிவு மண்ணெல்லாம் மழையோடு வந்து சேனநாயக்க சமுத்திரத்தில் படியும், குளம் மேடாகும், பட்டிப்பளை ஆற்றுத் (கல்லோயாவின் தமிழ்ப் பெயர்) தண்ணீரை நம்பியிருக்கும் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களுக்கு வாய்க்காலில் வருவது குறையும். ஆகவே குளத்தின் நீரேந்து காட்டைத் தொடக்கூடாது என்றார்கள். யானைமேல் இருந்த அன்பில் நடந்த காரியமில்லை. ஆனால் இன்று படகில் போனால் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போவதைப் பார்க்கலாம். தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். முதலில் மிதக்கும் கட்டை என்றுதான் நினைப்பீர்கள்.

லாகுகலையில் யானை பார்க்க எப்போது போகவேண்டும்?

ஆவணி, புரட்டாதி. பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு. பொத்துவிலிலிருந்து மொனராகலை வீதியில் அரைமணி ஓட்டம்கூட இல்லை.

ஏன் அந்த மாதங்கள் என்றால், சுற்றியுள்ள காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது லாகுகலைக் குளத்தில் மட்டும் தண்ணீரும் புல்லும் இருக்கும். குளம் முழுக்க நாணல் மாதிரி உயர்ந்து வளரும் அந்தப் புல்லைச் சிங்களத்தில் ‘பெரு’ என்பார்கள். யானை அதைத் தும்பிக்கையால் சுற்றிப் பிடுங்கும், முன்காலில் இரண்டு தட்டுத் தட்டும், வேரில் ஒட்டிய சேறு உதிரும், அப்புறம்தான் வாய்க்குப் போகும். கீரை ஆய்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்களே, அதே பொறுமை. ஒருமுறை ஒரு குட்டி தாயைப் பார்த்துத் தானும் பிடுங்கியது. தட்டவும் தட்டியது. பிறகு புல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சேற்றை வாயில் வைத்தது. எங்களோடு வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

குளக்கட்டில் நின்று பாருங்கள், கீழே இறங்கவேண்டாம். தனித்து நிற்கும் அலியன் (ஆண்) யானை வீதியோரம் நின்றால் வாகனத்தை நிறுத்தவும் வேண்டாம். வாழைப்பழம் நீட்டுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வீதியில் தீனி பழகிய யானை பிறகு கடைக்குள் தும்பிக்கையை விடும். அதற்கு அடி வாங்குவதும் அந்த யானைதான்.

யுத்தம் காட்டைக் காப்பாற்றியது என்கிறார்களே, உண்மையா?

அரை உண்மை. குமணப் பக்கம் 1985 இலிருந்து 2003 வரை மூடிக் கிடந்தது. அந்தக் காலத்தில் ஹோட்டல் வரவில்லை, வீதி அகலவில்லை. 1980களின் தொடக்கத்தில் பெரிய கம்பனிகள் மட்டக்களப்புப் பக்கம் இறால் பண்ணை போட வந்தன. சண்டை பெருக்க விட்டுவிட்டுப் போயின. தொழில் புத்தளம் பக்கம் நகர, அங்கேதான் கண்டல் காடு, அதாவது உப்புத்தண்ணீர்ச் சேற்றில் நிற்கும் மரக்காடு, பெருமளவு பறிபோனது. மட்டக்களப்பு வாவிக்கு அது ஒரு தப்பித்தல்தான்.

மறுபக்கமும் உண்டு. பதுங்க இடம் கொடுக்கும் என்று வாவிக்கரைக் கண்டல்களைப் பல இடங்களில் வெட்டிச் சாய்த்தார்கள். காட்டுக்குள் யார் எத்தனை மரம் தறித்தார், எத்தனை மான் போனது என்று பார்க்க ஒரு காவலாளி இல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் காட்டோரம் இருந்த சனம் ஊரைவிட்டு ஓடியது. திரும்பி வந்தபோது வளவுக்குள் காடு, காட்டுக்குள் யானை. இன்றைக்கு இருக்கும் யானைச் சண்டையில் ஒரு பங்கு அங்கே தொடங்கியது. பிணம் விழுந்த காலத்தைக் காட்டின் நல்ல காலம் என்று எழுத எனக்குக் கை வராது.

கதிர்காமப் பாதயாத்திரை காட்டுக்குக் கெடுதலா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. நான் இரண்டிலும் இருக்கிறேன்.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, திருக்கோவிலிலிருந்து வரும் அடியார் எல்லாரும் உகந்தை முருகனிடம் சேர்ந்து, பூங்காக் கதவு திறந்ததும் காட்டுக்குள் இறங்குவார்கள். குமண, குமுக்கன் ஆறு, யால, பிறகு கதிர்காமம். பாதயாத்திரைக்காரர் வாயில் குமண ‘கூமுனை’. வர்த்தமானி வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இந்தப் பாதைக்கு ஒழுங்கு இருந்தது: பச்சை மரம் முறிக்காதே, விலங்கைக் கண்டால் ஒதுங்கி நின்று கும்பிடு, யானையைப் பெயர் சொல்லாதே, பிள்ளையார் என்று சொல். என் அம்மம்மா ஆற்றில் வாய் கொப்பளிக்கக்கூட விடமாட்டா. அது சாமியின் தண்ணீர்.

இன்று ஆயிரக்கணக்கில் சனம் நடக்கிறது. தண்ணீர்ப் போத்தல், நூடில்ஸ் பை, லஞ்ச் ஷீட். திரும்பி வரும்போது பாதையோரம் பார்த்தால் வெட்கமாக இருக்கும். தொண்டர்கள் பொறுக்குகிறார்கள், அது போதவில்லை. ஆனால் இதற்காகப் பாதையை மூடவேண்டும் என்கிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். அந்தக் காடு தன்னுடையது என்று வடக்குக் கிழக்கில் சாதாரண சனம் நினைப்பதற்கு இருக்கும் ஒரே காரணம் அந்த நடைதான்.

சுனாமிக்குப் பிறகு நட்ட கண்டல்கள் எல்லாம் எங்கே?

பெரும்பாலும் செத்துவிட்டன. இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2004 மார்கழிக்குப் பிறகு கண்டல் நடுவதற்குக் காசு வந்தது. ஒரு நிறுவனம் எங்களையும் பிடித்தது. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். லாண்ட்மாஸ்டர் பெட்டி நிறைய நாற்றுக் கொண்டுவந்து இறக்கினார்கள். கண்டல் நாற்று என்றால் முருங்கைக்காய் மாதிரி நீண்ட பச்சைக் குச்சி. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும், விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். நாங்கள் வாவிக்கரையில் கயிறு பிடித்து, நேர்கோட்டில், அடிக்கு அடி நட்டோம். புகைப்படம் எடுத்தார்கள். பலகை வைத்தார்கள். எங்களோடு நின்ற மீனவர் மட்டும் முனகிக்கொண்டிருந்தார்: “தம்பி, இதில முன்னம் கண்டல் நின்றதில்லையே.” யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

மாரி வந்தது. முகத்துவாரம் மண்மேடு போட்டு அடைத்துக் கிடந்ததால் வாவி ஏறியது. நாற்று நாட்கணக்கில் முழுசாய்த் தண்ணீருக்குள். முகத்துவாரம் வெட்டிவிட்டபிறகு வற்றியபோது மிச்சம் நின்றதை மாடு மிதித்தது. அடுத்த சித்திரைக்குப் பலகை மட்டும் நின்றது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை என்று பிறகு தெரிந்தது. 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இலங்கை முழுக்க 23 இடங்களில் நட்ட கண்டல்களைப் போய்ப் பார்த்தது. ஒன்பது இடங்களில் ஒரு நாற்றுக்கூட உயிரோடு இல்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 சொச்சம். காரணங்களும் நாங்கள் கண்டவைதான்: இடம் பிழை, எல்லா இடத்துக்கும் ஒரே இன நாற்று, நட்டபின் திரும்பிப் பார்க்காமல் விட்டது, மாடு.

நடுவதைவிட நிற்பதைக் காப்பது மேல் என்ற எண்ணம் பிறகு வந்தது. 2015 இல் அரசாங்கமும் சீக்கொலஜி என்ற வெளிநாட்டு அமைப்பும் சிலாபத்துச் சுதீச அமைப்பும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. கரையோர ஊர்ப் பெண்களுக்குச் சிறு கடனும் பயிற்சியும். பதிலுக்குத் தங்கள் ஊர்க் கண்டலை அவர்களே காவல் பார்க்கவேண்டும். தன் கண்டல் முழுவதையும் காக்க முன்வந்த முதல் நாடு என்று அப்போது இலங்கைக்குப் பெயர் கிடைத்தது. 2024 இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்பை உலக முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது. முந்தைய தோல்விகளிலிருந்து படித்ததற்குக் கிடைத்த மரியாதை என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் பலகை நின்ற இடத்துக்கு நூறு யார் தள்ளி, யாரும் நடாமல், தண்ணீர் ஏறி இறங்கும் ஒரு ஓடையோரம் கண்ணாவும் கண்டலும் தானாக வந்திருக்கின்றன. அதன் வேருக்குள் இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்குகின்றன. கரப்புப் போடுகிற பையன்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.

எங்கள் வயலை யானை தின்கிறது. நீங்கள் யானைக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?

இல்லை. பெரும்போகம் பால்பிடிக்கும் நேரம் இரவு முழுக்கப் பரணில் கண்விழித்து, யானை வெடியை ஒரு கையிலும் தீப்பெட்டியை மற்றக் கையிலும் வைத்திருப்பவரிடம் போய் யானை பாவம் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள். இலங்கை நிலத்தில் ஏறக்குறைய 60 வீதத்தில் யானை நடமாடுகிறது. அந்த நிலத்திலும் ஏறக்குறைய 70 வீதம் மனிதர் குடியிருக்கும் நிலம். ஆக, எல்லா யானையையும் பூங்காவுக்குள் துரத்தி வேலி போடு என்பது நடக்கிற காரியமில்லை. உள்ளே இருக்கும் புல் அங்கே ஏற்கெனவே இருக்கும் யானைக்கே மட்டுமட்டு. மின்வேலியைக் காகிதத்தில் உள்ள பூங்கா எல்லையில் போட்டால் வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கும், நிற்கிறது. ஊரைச் சுற்றியும், போகக் காலத்தில் மட்டும் வயல் வட்டையைச் சுற்றியும் போட்டு, ஊர்ச்சனமே பராமரித்தால்தான் அது வேலை செய்கிறது. அறுவடை முடிந்ததும் வேலியைக் கழற்றிவிட்டால் யானை வந்து வைக்கோலையும் தாளடியையும் தின்றுவிட்டுப் போகும்.

வாய்வெடி வைப்பவர்களைப் பற்றி ஒன்றே ஒன்று. பூசணிக்காய்க்குள் பன்றிக்கென்று வைக்கும் வெடியைக் குட்டி யானைதான் முதலில் கடிக்கிறது. தாடை உடைந்து, தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் வாரக்கணக்கில் நின்று சாகும். பார்த்தவர்களால் மறக்க முடியாது.

பள்ளக்காட்டுக் குப்பை மேடு விவகாரம் என்ன?

அம்பாறை மாவட்டத்தில், பள்ளக்காட்டில், சுற்றுவட்டார ஊர்களின் குப்பையெல்லாம் காட்டோரமாகக் கொட்டுகிற இடம். யானைகள் சோற்று மணத்துக்கு வந்து பொலித்தீனோடு சேர்த்து விழுங்குகின்றன. 2022 தொடக்கத்தில் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோது வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது. அதற்கு முந்தைய எட்டு வருடங்களில் ஏறக்குறைய 20 யானைகள் அங்கே இப்படிச் செத்திருந்தன. சுற்றி மின்வேலி இருந்தது. 2014 இல் மின்னல் தாக்கிப் பழுதானது. திருத்தவில்லை. அவ்வளவுதான் கதை. மருந்து தெரிந்த வியாதி, மருந்து வாங்க ஆளில்லை.

காட்டைக் காத்ததில் யாராவது தோற்றார்களா?

வேடர்கள், இந்தக் காட்டின் பழங்குடிகள். 1983 இல் மாதுறு ஓயா பூங்காவானபோது அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேன் எடுத்த காடு ஒரே நாளில் சட்டவிரோதமானது. பலர் குடியேற்ற ஊர்களுக்குப் போனார்கள். தம்பானையின் தலைவர் திசஹாமி போகமாட்டேன் என்று குடும்பத்தோடு இருந்துவிட்டார்; 1998 இல் சாகும்வரை அங்கேதான். சாதனைப் பட்டியலில் மாதுறு ஓயாவை எழுதும்போதெல்லாம் இதையும் அதே வரியில் எழுதவேண்டும் என்பது என் கருத்து.

யுத்தத்துக்கு முன் செய்த எங்கள் காணி இப்போது வனத்துக்குள் வந்துவிட்டதே?

இந்தக் குறை மட்டக்களப்பிலும் உண்டு, பொத்துவிலிலும் உண்டு. பொய்யில்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை வளர்ந்த காணி, செய்மதிப் படத்தில் காடாகத் தெரிகிறது. பழைய அனுமதிப் பத்திரம், வரி கட்டிய துண்டு, பழைய கிணறு, கட்டிய வரம்பு எல்லாம் சாட்சி. அவற்றோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள், வர்த்தமானியின் எல்லை விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தக் குறையைச் சாட்டாக வைத்து, ஒருபோதும் வயலாக இருந்திராத காட்டை ஜேசிபி கொண்டு தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டவேண்டாம்.

தமிழ், முஸ்லிம் ஊர்களில் ஏன் இப்படியான சங்கம் உருவாகவில்லை?

உருவாகியது, வேறு பெயரில். 2018 இல் திருக்கோவிலில் இல்மனைட் என்ற கனிம மணல் அகழ்வை எதிர்த்துச் சனம் வீதிக்கு இறங்கியபோது முன்னால் நின்றவர்களில் தங்களைச் ‘சூழலியலாளர்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் அரிது. கடல் ஊருக்குள் வந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான். ஒலுவிலில் துறைமுகம் கட்டியபின் கரையைக் கடல் அரித்து, தென்னையும் வாடியும் போனதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். வாகரையிலும் இல்மனைட்டுக்கும் இறால் பண்ணைக்கும் எதிராகக் குரல் எழுந்தது. மீனவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், மாதர் சங்கம் என்று யாராவது பிடித்து நிறுத்திய இடங்கள் பல. யாரும் அறிக்கை எழுதவில்லை, அதனால் பட்டியலில் இல்லை.

உங்கள் வட்டத்தில் சேர என்ன செய்யவேண்டும்?

காசு வேண்டாம். தைப்பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமை வாவியில் பறவை எண்ணப் போகிறோம். விடிய ஐந்தரைக்கு. தொப்பி, தண்ணீர் (வீட்டுப் போத்தலில்), ஒரு கொப்பி, பென்சில். பேனை பனியில் ஊறும்.